ஆணியில் தொங்கிய வேட்டி

"அம்மா, நான் கடவுளைத் தேடி இங்க வந்தேன். நீங்க என்னைப் புழு பொறுக்க வச்சிருக்கீங்க."

சிவந்திலிங்கம் இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு தகர டப்பா இருந்தது. டப்பாவுக்குள் பச்சைப் புழுக்கள் நெளிந்தன.

தவசியம்மா ஒரு பருத்திச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எத்தனை?"

"எண்ணல."

"எண்ணுங்க அண்ணே. எண்ணினா மனசு அலையாது."

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. அதனால் குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை அம்மா என்பார். அந்த மலையடிவாரத்து மடத்தில் யாரும் இதை வேடிக்கையாக நினைத்ததில்லை.

மடத்தில் ஆறு பேர். அரை ஏக்கர் பருத்தி.

செடிக்கு மருந்து அடிப்பதில்லை. காலையிலும் மாலையிலும் இலை இலையாகத் திருப்பிப் புழுவைக் கையால் எடுக்க வேண்டும். டப்பா நிறைந்ததும் கோழிகளுக்குக் கொட்ட வேண்டும். அந்தப் பஞ்சில்தான் நூல். அந்த நூலில் ஆளுக்கு வருடத்துக்கு ஓர் உடுப்பு, ஒரு மேல்துண்டு. சாயமும் கிடையாது, வெளுப்பும் கிடையாது. பழுப்பாக இருக்கும். புதிதில் கழுத்தை உரசும்.

மூன்று வருடமாக சிவந்திலிங்கம் புழு பொறுக்கினார். தீட்சை இன்னும் ஆகவில்லை.

"மளிகைக் கடையில முப்பது வருசம் அரிசியில வண்டு பொறுக்கினேன். பொண்டாட்டி போனதும் கடையை மூடிட்டு இங்க வந்தேன். இங்கேயும் அதே வேலை."

"அங்க வண்டு. இங்க புழு. முன்னேற்றம்தானே அண்ணே."

அவர் சிரிக்கவில்லை.

தீபாவளி வாரத்தில் டவுன் ஜவுளிக்கடை சபாபதி மடத்துக்கு ஒரு மூட்டை அனுப்பினார். ஆறு வேட்டிகள். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. விரலில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

தவசியம்மாவின் அறையில் வைத்து சிவந்திலிங்கம்தான் மூட்டையைப் பிரித்தார்.

அந்த அறைச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் மடித்த வெள்ளை வேட்டி ஒன்று தொங்கும். மடிப்பு ஓரம் மஞ்சள் ஏறியிருக்கும். வந்த புதிதில் அவர் கேட்டிருந்தார்.

"அது யாருதும்மா?"

"என்னோடது."

"ஆம்பளை வேட்டியாச்சே."

தவசியம்மா புழு டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு அவர் கேட்கவில்லை.

இப்போது அவர் புது வேட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதையே கட்டிக்கலாம்மா. செடியைப் பிடுங்கிட்டா நாள் முழுக்கத் தியானம் பண்ணலாம். துணிங்கறது என்ன, உடம்பை மூடுறது. எதுவா இருந்தா என்ன?"

தவசியம்மா மூட்டையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதை உரியவர்கிட்ட கொடுத்துட்டு வாங்க."

"சபாபதிகிட்டயா?"

"உரியவர்கிட்ட."

"கொடுத்துட்டு வந்தா?"

"அப்புறம் நீங்க புழு பொறுக்க வேண்டாம். தை முதல் நாள் உங்களுக்கு தீட்சை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். டப்பாவை எங்கே போட்டோம் என்றுகூட நினைவில்லை.

*

சபாபதி வேட்டியைத் தொடவே இல்லை.

"கொடுத்தது கொடுத்ததுதான் சாமி. திருப்பி வாங்கினா பாவம். இது என்னோடது இல்ல."

"அப்ப யாருது?"

"எனக்குச் சலவைப்பட்டறையில இருந்து வருது. அங்க கேளுங்க."

சலவைப்பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. துணியை வெளுக்கும் இடம். வாசலிலேயே கண் எரிந்தது. தொட்டியில் துணியைப் புரட்டிக்கொண்டிருந்த மரகதம் என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களோடதாம்மா?"

அவள் வேட்டியைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியில் தோல் உரிந்து வெளிறியிருந்தது. ரேகை இல்லை.

"வெளுப்பு என்னோடது. துணி என்னோடது இல்லீங்க."

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"இங்க குடிச்சிடாதீங்க. நாங்களே வீட்டுல இருந்துதான் கொண்டு வர்றோம்."

தன் பாட்டிலை நீட்டினாள். பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் நுரைத்துக்கொண்டு போனது. அதன் கரையில் புல்லும் இல்லை.

"பஞ்சு எங்கேருந்து வருதுன்னு தெரியுமா?"

"கிழக்க ஒரு அரவை ஆலை இருக்கு. அங்கேருந்துதான்னு லாரிக்காரர் சொல்வாரு."

அரவை ஆலையில் பஞ்சையும் கொட்டையையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு கூரை வரை குவிந்திருந்தது. மேஸ்திரி இருமி முடிக்கும் வரை சிவந்திலிங்கம் காத்திருந்தார்.

"இது உங்களோடதா?"

"பஞ்சு மேல பேர் எழுதியிருக்குமா சாமி?"

"எந்த ஊர்ப் பஞ்சு?"

"மூணு நாலு ஊரு. வடக்க போற பஸ்ல ஏறுங்க. முதல் ஊர்ல இறங்குங்க. முதல் பருத்திக் காட்டுல எவன் நிக்கிறானோ அவன்கிட்ட கொடுங்க."

"அவர் உரியவர்னு எப்படித் தெரியும்?"

"எவன்கிட்ட கொடுத்தாலும் சரியாத்தான் இருக்கும்."

*

முதல் காட்டில் ராசாங்கம் நின்றான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். மேலுக்கு ஒன்றும் இல்லை. இடுப்பில் மடித்துக் கட்டிய பாலியெஸ்டர் வேட்டி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் எதையோ குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். குச்சி எட்டாத இடத்தில் கையை விட்டுக் கலக்கினான்.

அவன் மனைவி செங்கமலம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். எட்டு மாத வயிறு. குடத்தை இறக்குவதற்கே மூச்சு வாங்கினாள்.

"யாரு சாமி? வசூலுக்கா?"

"இல்ல. உங்க துணியைக் கொடுக்க வந்தேன்."

"என் துணியா? நான் யாருக்கும் துவைக்கப் போடலையே."

சிவந்திலிங்கம் வந்த கதையைச் சொன்னார். ராசாங்கம் கையை இடுப்பில் துடைத்துவிட்டு வேட்டியை வாங்கிப் பார்த்தான்.

"பாத்தியா செங்கமலம். பன்னெண்டு வருசமா இந்தக் காட்டை விட்டுப் போன பஞ்சு, இப்பத்தான் ஒண்ணு திரும்பி வந்திருக்கு."

"அதுக்காச்சும் வீடு தெரிஞ்சிருக்கு. உனக்குச் சில நாள் தெரிய மாட்டேங்குது."

"சாமி முன்னாடி மானத்தை வாங்குறா பாருங்க."

"நீங்க பருத்தி கட்டுறதில்லையா?" என்று கேட்டார் சிவந்திலிங்கம்.

"நமக்கு எங்க சாமி கட்டுபடியாகுது. விளைவிக்கிறதோட சரி."

வாளியிலிருந்து நெடி வந்தது. சிவந்திலிங்கத்துக்குத் தொண்டை கமறியது.

"என்ன இது?"

"மருந்து. இந்த வாரத்துல ரெண்டாவது தடவை. புழு சாக மாட்டேங்குது. ரெண்டு மருந்தைச் சேத்து அடின்னு கடைக்காரர் சொன்னாரு."

அவன் மருந்தைப் பவர் ஸ்பிரேயரில் ஊற்றி முதுகில் மாட்டினான். செடிகள் அவன் தலைக்கு மேல் நின்றன. காற்று எதிரே வீசிக்கொண்டிருந்தது.

"மூக்குல ஒண்ணும் கட்டலையா?"

"பழக்கந்தான் சாமி."

சிவந்திலிங்கத்துக்கு மனம் கேட்கவில்லை. அவர் வேட்டியை வாங்கிக் குடத்துத் தண்ணீரில் நனைத்தார்.

"கடையில மிளகாய் இடிக்கும்போது நாங்க ஈரத்துணிதான் கட்டுவோம். நெடி ஏறவே ஏறாது. கிட்ட வாங்க."

"புதுத் துணியாச்சே சாமி."

"உங்க துணிதானே."

அவரே நாலாக மடித்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கண் மட்டும் தெரிந்தது.

செங்கமலம் சிரித்தாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இவ்வளவு லட்சணமா இல்ல."

துணிக்குள்ளிருந்து ராசாங்கம் என்னவோ சொன்னான். அது யாருக்கும் கேட்கவில்லை. மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டான்.

சிவந்திலிங்கம் வரப்பில் உட்கார்ந்தார். உரியவரிடம் கொடுத்தாயிற்று. கொடுத்தது மட்டும் இல்லை, ஒரு நல்லதும் செய்தாயிற்று. தைக்கு இன்னும் இரண்டு மாதமும் சில நாளும் இருந்தன. தீட்சை அன்று என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தார்.

செடிக்குள் மோட்டார் சத்தம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. தூரமாகப் போயிற்று. கிட்டே வந்தது. மறுபடி தூரமாகப் போயிற்று.

செங்கமலம் அடுத்த குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

"சாமி, சத்தம் ஏன் ஒரே இடத்துல நிக்குது?"

*

அவன் குப்புறக் கிடந்தான். முதுகில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைத் துணி மூக்கிலும் வாயிலும் ஒட்டிப்போயிருந்தது. உள்ளிருந்து வந்த நுரை துணிக்கு மேலே தெரிந்தது. சிவந்திலிங்கம் கட்டிய முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. அவிழ்க்க வரவில்லை.

ஒரு குட்டி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து முடிச்சை வெட்டினாள். ஊசி போட்டார்கள். குழாய் வைத்தார்கள். ஆள் மாற்றி ஆள் வந்து நெஞ்சை அமுக்கினார்கள்.

பொழுது சாயும் முன் நிறுத்திவிட்டார்கள்.

நர்ஸ் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"இதைக் கட்டிவிட்டது யாரு?"

"நான்."

"ஈரத்துணிங்கய்யா. மருந்தை உறிஞ்சி வாய்கிட்டயே வச்சிருக்கும். மூச்சு இழுக்கிறப்பல்லாம் அதுவழியாத்தான் போயிருக்கும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்துடுங்க," என்று பையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வீட்டு வாசலில் ராசாங்கத்தைக் கிடத்தினார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கோடித்துணி போட்டார்கள். ஏழு கோடி விழுந்தது. எல்லாம் புதுசு. எல்லாம் பருத்தி.

*

சிவந்திலிங்கம் கிளம்பவில்லை. யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் சேந்தி ஊற்றினார். வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவினார். கொடுத்தபோது சாப்பிட்டார்.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, கொடியில் அந்த வேட்டி காய்வதைப் பார்த்தார்.

செங்கமலம் அதை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் வெட்டிய இடத்தில் மட்டும் பிசிறாக இருந்தது.

"மூணு தடவை சோப்புப் போட்டு அலசியிருக்கேன் சாமி. தூளிக்கு வச்சுக்கலாம்னு."

"எதுக்கு?"

"பொறக்கற புள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுல்ல. பழந்துணிதானே போடணும். அவரு கட்டினதுல இது ஒண்ணுதான் பருத்தி. அப்பன் மேல பட்ட துணியா இருக்கட்டும்."

அவர் அவள் கையிலிருந்து வேட்டியை வாங்கி முகர்ந்தார்.

"இது வேணாம்மா."

"ஏன்?"

"வாசனை போகல."

"இங்க எல்லாத்துலயும் அந்த வாசனைதான் சாமி. தலையணை, சட்டை, தண்ணிக்குடம். எனக்கு இப்பல்லாம் தெரியறதே இல்ல."

அவர் வேட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இதை அவர் மூக்குல கட்டினது நான்தாம்மா."

"தெரியும் சாமி. பக்கத்துல நின்னு சிரிச்சது நான்தானே."

சிவந்திலிங்கம் தோளில் கிடந்த மேல்துண்டை எடுத்தார். மடத்துத் துண்டு. முதல் வருடம் கழுத்தை உரசியது. மூன்று வருடம் துவைத்துத் துவைத்து இப்போது வாழைக்குருத்துபோல ஆகிவிட்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததே இல்லை.

"தூளிக்கு இது போதுமா பாருங்க. பழசுதான்."

அவள் வாங்கிப் பிரித்து அகலம் பார்த்தாள். வயிற்றின் மேல் விரித்துப் பார்த்தாள். முகத்துக்குக் கொண்டுபோனாள். மறுபடி கொண்டுபோனாள்.

"இதுல ஒரு வாசனையும் இல்லையே."

"இல்லம்மா."

"எந்தக் கடையில வாங்குனது?"

"கடையில வாங்கல. புழு பொறுக்கின துணி."

சொன்ன பிறகுதான் அவர் காதிலும் அது விழுந்தது.

"அப்படின்னா?"

"செடிக்கு மருந்து அடிக்கல. கையால பொறுக்கினோம்."

"கையாலயா? எத்தனை பேரு?"

"ஆறு பேரு."

"எவ்வளவு காட்டுக்கு?"

"அரை ஏக்கர்."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சத்தம் இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாங்களும் பொறுக்கியிருப்போம் சாமி. அப்படி விளைஞ்ச துணிதான் வேணும்னு எங்களை யாரு கேட்டா?"



துண்டை அவளிடம் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகம் சுளித்து ஜன்னலைத் திறந்தார்.

*

மடத்தில் தவசியம்மா அறையில் இருந்தார். சபாபதியின் மற்ற ஐந்து வேட்டிகளும் மூட்டையாகக் கட்டியபடி மூலையில் கிடந்தன. ஆணியில் பழைய வேட்டி தொங்கியது.

சிவந்திலிங்கம் வாசலில் நின்றார். தோள் வெறுமையாக இருந்தது.

"உரியவர்கிட்ட கொடுத்தாச்சா அண்ணே?"

"ஆச்சும்மா."

"கையில இருக்கே."

"ஆமாம்மா. என்னோடதுதான்."

தவசியம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார். கத்தரிக்கோல் வெட்டிய இடத்தில் அவர் பார்வை நின்றது. என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"சொன்னது சொன்னதுதான். இனிமே நீங்க புழு பொறுக்க வேண்டாம்."

"அஞ்சு நாள் ஆச்சு. என்னோட வரிசை எல்லாம் விட்டுப்போயிருக்குமே."

"விட்டுத்தான் போயிருக்கு."

"டப்பா எங்க இருக்கு?"

"நீங்க போட்ட இடத்துலயே."

அவர் திரும்பினார். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார்.

"அம்மா."

"ம்."

"ஒரு ஆணி வேணும்."

தவசியம்மா எழுந்து பெட்டியிலிருந்து ஓர் ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். சுவரில் தொங்கிய பழைய வேட்டியைச் சற்று ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துலயே அடிச்சுக்குங்க."